வாத்துச் சந்தின் முதல் அயலான்

ஃபோல்க்மார் டிப்பெல் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவதைக் கேட்டால் உங்களுக்கு அவன்மேல் கோபம் வரும். எனக்கும் வந்தது, இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் அவன் கெட்டவனாக இருந்திருந்தால் ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பான், உடம்பு இப்படி இளைத்திருக்காது.

எங்கள் ஊர் ஹாசல்ரோடே. வாத்துச் சந்தில் ஃபோல்க்மார் வீட்டுக்கும் கெர்லிண்டே வீட்டுக்கும் எதிரே இருக்கிற இறைச்சிக்கடை எங்களுடையது. இப்போது கடையை மகன் பார்க்கிறான். நான் கல்லாவில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறேன். கெர்லிண்டேயும் நானும் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்த தோழிகள். ஃபோல்க்மார் எங்களைவிடச் சின்னவன். மூக்கு ஒழுகிக்கொண்டு எங்கள் பின்னால் ஓடிவந்த பயல்தான்.

வளர்ந்து கூரை வேலைக்குப் போனான். இந்த ஊரில் கறுப்புப் பலகைக்கல் வேய்ந்த கூரைகளில் பாதி அவன் கைபட்டவை. பேச்சு மட்டும் வராது. அவன் மனைவி பெர்பெல் இருவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். ஒரு பனிக்காலத்தில் தேவாலயக் கூரையிலிருந்து விழுந்து முழங்கால் நொறுங்கியது. அவன் நடக்க ஆரம்பித்தபோது பெர்பெல் படுத்துவிட்டாள், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. பிள்ளைகள் கிடையாது. அந்த வருஷங்களில் அவனுக்குச் சோறு போட்டது கெர்லிண்டேதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வீட்டில் காப்பியும் கேக்கும் அவனுக்கு நிச்சயம். "டேய், கால் இழுக்குதுன்னு வாசல்லயே நிக்காத, உள்ள வா" என்று அதட்டிக் கூப்பிடுவாள்.

அவள் கூப்பிட்டதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை, முறையும் உண்டு. எங்கள் சந்தில் வாசலில் நின்று தெருவைப் பார்த்தால் வலது கைப்பக்கம் இருக்கிற வீட்டுக்காரர்தான் நமக்கு முதல் அயலார். பிள்ளை பிறந்தால் முதல் சேதி அவருக்குத்தான் போகும். நாம் செத்தால் வீடு வீடாகப் போய்ச் சொல்வதும், சவப்பெட்டியைத் தலைமாட்டில் பிடிப்பதும் அவர்தான். வம்பு வழக்கு என்று வந்தாலும் நமக்காகப் பேச வேண்டியவர் அவரே. கெர்லிண்டேக்கு முதல் அயலான் ஃபோல்க்மார்.

கூரையில் ஏற முடியாதவனுக்கு என்ன வேலை கொடுப்பது? ஊர் சபை யோசித்து, வருகிற விருந்தாளிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டச் சொன்னது. சிவப்பு மேல்சட்டையும் இறகு வைத்த தொப்பியும் தந்தார்கள். எங்கள் ஊர் வழியாகப் போகிற சாலைக்குக் கதைப்பாதை என்று பெயர், வழியில் ஒவ்வொரு ஊரும் தனக்கென்று ஒரு பழங்கதையைச் சொல்லிக்கொள்ளும். சாய்ந்த மரச்சட்ட வீடுகள், கற்பாலம், வாத்துக் குளம் என்று பார்க்க எல்லாம் இருக்கின்றன. ஆனால் மேற்கே உள்ள ஊருக்கு ஒரு இளவரசியின் கோட்டை, கிழக்கே உள்ள ஊருக்கு ஒரு பேய்க் கோபுரம். எங்களுக்குப் பன்றி சாசேஜைத் தவிர ஒன்றும் இல்லை. ஃபோல்க்மாரோ ஆட்களைக் கூட்டிப்போய் ஒவ்வொரு கூரையாகக் காட்டி, எது எந்தக் கல், எவ்வளவு சரிவு என்று சொல்லிக்கொண்டிருப்பான். அவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே பேருந்துக்குத் திரும்புவார்கள்.

அது ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமை மதியம் நாங்கள் எல்லோரும் அவரவர் வாசலைப் பெருக்குவோம். பெருக்காதவர்களைப் பற்றி அடுத்த வாரம் முழுக்கப் பேச்சு ஓடும். நானும் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஃபோல்க்மார் தூறலில் ஒரு கூட்டத்தை அழைத்துவந்து சந்தின் நடுவில் நிறுத்தினான். குடை பிடித்த ஒரு அம்மாள் பொறுமை இழந்து கேட்டாள்.

"ஏங்க, அந்த ஊர்ல கோட்டை பார்த்தோம், இன்னொரு ஊர்ல கோபுரம் பார்த்தோம். இங்க என்னதாங்க இருக்கு?"

"கூரை இருக்குங்க" என்றான் இவன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் காது சிவந்துபோனது எனக்குத் தெரிந்தது. சுற்றுமுற்றும் பார்த்தான். கெர்லிண்டே தன் வாசலில் பெருக்கிக்கொண்டிருந்தாள். எலும்பு தேய்ந்து முதுகு வளைந்துவிட்டது அவளுக்கு. மழைக்காகக் கறுப்புத் துணியைத் தலையில் போட்டிருந்தாள். அவள் வீடு இந்தச் சந்திலேயே அதிகமாகச் சாய்ந்த வீடு, மாடி தெருவுக்குமேல் குனிந்து நிற்கும். ஃபோல்க்மார் குரலைத் தாழ்த்தினான்.

"சத்தம் போடாதீங்க. அதோ, அது சூனியக்காரி வீடு. அந்தக் காலத்துல இருந்து இந்த ஊருக்கே அந்த வீட்டைப் பார்த்தா பயம். அந்த வம்சத்துல கடைசி ஆள் இன்னும் அங்கதான் இருக்கா."

கூட்டம் மூச்சை அடக்கியது. பிறகு எல்லாக் கைகளும் ஃபோனைத் தூக்கின. கெர்லிண்டே நிமிர்ந்து பார்த்தாள். யாரோ வணக்கம் சொல்கிறார்கள் என்று நினைத்து, துடைப்பத்தைத் தூக்கிச் சந்தோஷமாக ஆட்டினாள். கதைகளில் சூனியக்காரி துடைப்பத்தில் ஏறித்தான் பறப்பாள், அதனால் அவர்கள் 'ஓ' என்று கூவினார்கள். அன்று ஃபோல்க்மாருக்குக் கைதட்டல் கிடைத்தது. அவன் வாழ்நாளில் அதுதான் முதல் கைதட்டல் என்று நினைக்கிறேன்.

கூட்டம் போனதும் அவனைப் பிடித்தேன். "என்னடா உளறுன?"

"சும்மா ஒரு தமாஷ். விடேன். கேட்டுட்டு ஊருக்குப் போயிடுவாங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

"நானுந்தான் துடைப்பத்தோட நின்னேன். என்னைக் காட்டியிருக்க வேண்டியதுதானே?"

"உன்னைக் காட்டியிருந்தா கறிவெட்டுற கத்தியை எடுத்திருப்ப" என்று சிரித்தான்.

அடுத்த கூட்டமும் சூனியக்காரி வீட்டைக் கேட்டது, அதற்கடுத்ததும் கேட்டது. படங்கள் பரவிவிட்டன. பேருந்துகள் கூடின. சுற்றுலா அலுவலகம் ஊர் வரைபடத்தில் அந்த வீட்டை வரைந்து, வாசலில் கூன் விழுந்த ஒரு கிழவியையும் துடைப்பத்தையும் போட்டது. ரொட்டிக்கடையில் துடைப்ப ரொட்டி வந்தது. என் மகன்கூட ஒரு சாசேஜுக்குச் சூனியக்காரி விரல் என்று பெயர் வைத்தான். நான் அவனோடு ஒரு வாரம் பேசவில்லை. சாசேஜ் நன்றாக விற்றது.

கெர்லிண்டே முதலில் சிரித்தாள். "எங்கிட்ட என்னடி இருக்குன்னு இத்தனை படம்? என் கல்யாணத்துக்குக்கூட ரெண்டே ரெண்டு படம்தான் எடுத்தாங்க" என்றாள். வரைபடத்தைப் பார்த்தபோதும், "மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதா போட்டிருக்கலாம்" என்றாள். எவனோ ஊர்பேர் தெரியாத பயணி கிளப்பிவிட்ட கதை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு சன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டி உள்ளே பார்க்க ஆரம்பித்தார்கள். கதவைத் தட்டிவிட்டு ஓடினார்கள். அவள் தலை தெரிந்தால் பிள்ளைகள் வீறிட்டன, பெற்றவர்கள் சிரித்தார்கள். வாழ்நாளெல்லாம் தபால் நிலையத்தில் முத்திரை குத்தி, ஊர் முழுக்கப் பெயர் சொல்லி விசாரித்தவள், பகலிலேயே சன்னலைச் சாத்திவைக்க ஆரம்பித்தாள். சனிக்கிழமை பெருக்க வருவதையும் நிறுத்தினாள். பெருக்க முடியாதவர் வாசலைப் பெருக்குவது முதல் அயலான் கடமை என்பதால் ஃபோல்க்மார் பெருக்கினான். தலையைத் தூக்காமல் பெருக்குவான். அப்போதே அவனை உள்ளே ஏதோ அரிக்க ஆரம்பித்துவிட்டது.

ஆனால் அவன் வாயைத் திறக்கவில்லை. திறக்க வைத்தது அந்தக் குழந்தை.

கெர்லிண்டேயின் தங்கை மகள் ஸில்கே காஸல் நகரில் இருக்கிறாள். அவளுக்கு ஃபென்யா என்று நான்கு வயதுப் பெண் குழந்தை. கெர்லிண்டேக்குச் சொந்தம் என்று பாக்கி இருப்பது இவ்வளவுதான். மாதம் ஒரு ஞாயிறு வருவார்கள். கெர்லிண்டே முந்தின நாளே மாவு பிசைந்துவிடுவாள். அந்தக் குழந்தைக்காக ஒரு சின்ன நாற்காலியை நீல வண்ணம் அடித்து வைத்திருந்தாள். அந்தக் கோடையில் ஃபென்யாவின் பாலர் பள்ளி எங்கள் ஊருக்குச் சுற்றுலா வந்தது. வரைபடத்தைக் குழந்தைகள் கையில் கொடுத்து, 'சூனியக்காரி வீடு எங்கே, கண்டுபிடியுங்கள்' என்று விளையாட்டு நடத்தியிருக்கிறார்கள். அன்று ஃபோல்க்மாருக்கு விடுமுறை, வேறொருவர் சுற்றிக்காட்டினார். ஃபென்யா கண்டுபிடித்தாள்.

அடுத்த முறை ஸில்கேயின் கார் வந்து நின்றபோது நான் கடை வாசலில் இருந்தேன். கெர்லிண்டே கையை விரித்துக்கொண்டு படியில் நின்றாள். குழந்தை காரின் இருக்கையைப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தல் குளத்து வாத்துகளுக்கும் கேட்டிருக்கும். "அங்க வேணாம்! அவங்க வேணாம்!" ஸில்கே கெஞ்சினாள், மிரட்டினாள். கடைசியில் அழுதுகொண்டே காரைத் திருப்பினாள். கெர்லிண்டே விரித்த கையை மடக்க மறந்து நின்றாள்.

மறுநாள் அவள் முதல் அயலானைக் கூப்பிட்டாள். கூப்பிடாமல் வேறு யாரைக் கூப்பிடுவாள்? நானும் கூட இருந்தேன்.

"டேய் ஃபோல்க்மார், எனக்கு ஒண்ணு செய்யணும் நீ. இதை முதல்ல யார் கிளப்புனதுன்னு விசாரிச்சுச் சொல்லு. ஊரெல்லாம் சுத்துறவன் நீதானே. அந்த ஆளைப் பார்த்து நான் ஒரே ஒரு கேள்வி கேக்கணும்."

"என்ன கேள்வி?" என்றான்.

"அது எனக்கும் அந்த ஆளுக்கும். நீ கண்டுபிடி."

முதல் அயலான் முடியாது என்று சொல்லக்கூடாது. "சரி" என்றான். நான் அவனையே முறைத்துக்கொண்டிருந்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்கப்புறம் அவன் நடத்திய கூத்தை என்னவென்று சொல்வது! கடை கடையாகப் போய், "இந்தச் சூனியக்காரி கதையை யார் ஆரம்பிச்சாங்கன்னு தெரியுமா?" என்று கேட்டான். ரொட்டிக்கடைக்காரர், "நீதானேப்பா" என்றார். மருந்துக்கடைக்காரியும் அதையே சொன்னாள். ஊருக்கே தெரியும், அவளிடம் போய்ச் சொல்லத்தான் யாருக்கும் மனசு வரவில்லை. அவன் போய், "விசாரிச்சுக்கிட்டு இருக்கேன் கெர்லிண்டே" என்பான். அவள் நன்றியோடு பிளம்ஸ் ஜாம் பாட்டில் ஒன்றைக் கையில் திணிப்பாள். அதைக் கொண்டுவந்து என் கல்லாமேல் வைப்பான்.

"இதை நீ வெச்சுக்கோ. எனக்குத் தொண்டையில இறங்கல."

"எடுத்துட்டுப் போடா. உனக்குக் குடுத்தது, நீயே தின்னு. இல்லன்னா நேரா போய் அவகிட்ட உண்மையைச் சொல்லு."

"சொன்னா என்னை விட்டுடுவா. பெர்பெல் போனப்புறம் எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு வீடுதான், உனக்குத் தெரியாதா?"

"அவளுக்கு இருக்கிறது அந்த ஒரு குழந்தைதான். அது உனக்குத் தெரியாதா?"

அவன் பாட்டிலைத் திரும்பக் கையில் எடுத்தான். கண் கலங்கியது. எனக்கும் பாவமாக இருந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்று பார்த்தான். சுற்றுலா அலுவலகத்துக்குப் போய் வரைபடத்திலிருந்து வீட்டை எடுக்கச் சொன்னான். அங்கே இருந்த பெண், "ஐயோ, ஜனங்க அதுக்குத்தான் வர்றாங்க" என்றாளாம். "அது பொய்ம்மா. நான்தான் கட்டிவிட்டேன்" என்றிருக்கிறான். "ரொம்ப அழகா கட்டியிருக்கீங்க சார்" என்று அவள் கைகுலுக்கினாளாம்.

கூட்டத்திடமே உண்மையைச் சொல்லிப் பார்த்தான். அதை நானே பார்த்தேன். அவள் வீட்டுக்குத் தள்ளி, பாலத்தருகே நிறுத்தி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னான். "அந்த வீட்டுல இருக்கிறது தபால் ஆபீஸ்ல வேலை பார்த்த ஒரு நல்ல மனுஷி. எனக்குச் சோறு போட்டவ. அவளைச் சூனியக்காரின்னு சொன்னவன் நான். நாலு பேர் என்னைக் கவனிக்கணும்னு சொன்னேன். தயவுசெஞ்சு அவளை விட்டுடுங்க." சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டான். கூட்டத்தார் படபடவென்று கைதட்டினார்கள். ஒருவர் அவன் தோளில் தட்டி, "நாடகத்துல இருந்தீங்களா? பிரமாதம்!" என்றார். அப்புறம் எல்லோரும் சூனியக்காரி வீட்டைப் பார்க்கப் போனார்கள்.

இலையுதிர்காலத்தில் ஸில்கே இன்னொரு முறை வருவதாகச் சொன்னாள். கெர்லிண்டே என்னையும் ஃபோல்க்மாரையும் காப்பிக்கு அழைத்தாள். "குழந்தைக்கு உன்னைப் பிடிக்கும்டா. கார்கிட்ட போய் நீ ரெண்டு வார்த்தை பேசிக் கூட்டிட்டு வா" என்று அவனிடம் சொன்னாள். மேசையில் பிளம்ஸ் கேக், கிரீம், அவளுடைய நல்ல பீங்கான் தட்டுகள். நீல நாற்காலியில் ஒரு மெத்தையும் வைத்திருந்தாள்.

கார் வந்தது. குழந்தை வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஃபோல்க்மார் கதவருகே போய் அந்த உடைந்த முழங்காலை மடக்கி மண்டியிட்டான். வலியில் பல்லைக் கடித்தான். கெர்லிண்டே எனக்குப் பக்கத்தில், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதுவரை அவன் ஏதாவது சாக்குப்போக்கு சொல்லிக் குழந்தையை இறக்கப்போகிறான் என்றுதான் நான் நினைத்தேன்.

"ஃபென்யா, தாத்தா ஒண்ணு சொல்றேன், கேளு. உங்க பெரிய பாட்டி சூனியக்காரி இல்ல. அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னது நான்தான். முதல்ல சொன்னதே நான்தான். இந்த வாய்தான்."

நான் கெர்லிண்டே பக்கம் பார்க்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை. நிலையைப் பிடித்திருந்த அவள் கைவிரல்கள் மட்டும் கண்ணில் பட்டன, வெளுத்திருந்தன.

குழந்தை அவன் முழங்காலை உற்றுப் பார்த்தது. "உங்களுக்கு ஏன் கால் வலிக்குது?" என்றது.

"முட்டி உடைஞ்சு போச்சும்மா."

"அவங்கதான் உடைச்சாங்களா?"

"இல்லம்மா, கூரையில இருந்து விழுந்தேன்."

ஃபென்யா நம்பவில்லை. முன்னால் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசுவதாக நினைத்துக்கொண்டு, சந்துக்கே கேட்கும்படி சொன்னது. "அவங்க உங்களை மந்திரம் போட்டு இப்படிப் பேச வெச்சிருக்காங்க. பயப்படாதீங்க தாத்தா. நீங்களும் எங்க கார்ல ஏறிக்கங்க, நாம போயிடலாம்."

ஸில்கே முகத்தைப் பொத்திக்கொண்டாள். "இன்னொரு நாள் பார்க்கலாம் பெரியம்மா" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள். குழந்தை பின் கண்ணாடி வழியாக ஃபோல்க்மாரையே கவலையோடு பார்த்துக்கொண்டு போனது.

அவன் மண்டியிட்டபடியே இருந்தான். நான் போய்த் தூக்கிவிட வேண்டியிருந்தது. கெர்லிண்டே உள்ளே போனாள். நாங்களும் போனோம். அவள் கேக்கைப் பெரிய துண்டாக வெட்டி, நீல நாற்காலிக்கு முன்னால் இருந்த தட்டில் வைத்தாள்.

"உக்காருங்க, டிப்பெல்" என்றாள்.

மூக்கு ஒழுகிய காலத்திலிருந்து டேய் என்றே கூப்பிட்டவள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அந்தச் சின்ன நாற்காலியில், கால் மடங்காமல், எப்படியோ உட்கார்ந்தான்.

"கெர்லிண்டே, என்னை நாலு திட்டு திட்டு. அடி. நீ கேக்கணும்னு சொன்ன கேள்வியையாவது கேளு."

"கேக்கலாம்னுதான் இருந்தேன். என்னைத் தெரியாதவங்க யாரோ சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன். 'என்னைத் தெரியுமா உங்களுக்கு? தெரியாம ஏன் இப்படிச் சொன்னீங்க?'ன்னு கேக்கணும்னு இருந்தேன்." காப்பியை ஊற்றினாள். "இப்ப உங்ககிட்ட என்னன்னு கேக்க? சாப்பிடுங்க. குழந்தைக்குச் செஞ்சது, யாராவது சாப்பிடணும்."

அவன் சாப்பிட்டான். ஒவ்வொரு வாயையும் தண்ணீர் குடித்து விழுங்கினான். கண்ணீர் தட்டில் விழுந்தது. அவள் எதிரே உட்கார்ந்து கடைசித் துணுக்கு வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து ஓடிவிடலாமா என்று எனக்கிருந்தது.

"நல்லா இருந்துச்சா?" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான்.

"சரி. இனிமே எனக்கு முதல் அயலார் இடது பக்கத்து வீட்டுக்காரங்க. நாளைக்கு நானே போய் அவங்ககிட்ட சொல்லிக்கிறேன். என் வாசலைப் பெருக்க வேணாம். நான் செத்தா சேதி சொல்லவும் வேணாம், பெட்டியைப் பிடிக்கவும் வேணாம். நீங்க வீட்டுக்குப் போங்க."

அவன் எழுந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவள் ஏற்கெனவே தட்டை எடுத்துக்கொண்டு திரும்பியிருந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்குப் போனான். நான் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே ஒரு குடும்பம் நின்றது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், எல்லோர் தலையிலும் ரொட்டிக்கடையில் இப்போது விற்கிற சூனியக்காரிக் கூம்புத் தொப்பி. இவனைக் கண்டதும் அந்த அப்பா பணிவாக ஃபோனை நீட்டினார். "ஐயா, எங்க நாலு பேரையும் ஒண்ணு எடுத்துத் தர முடியுமா? பின்னால வீடு முழுசா தெரியணும்."

ஃபோல்க்மார் அந்த ஃபோனைப் பார்த்தான், வீட்டைப் பார்த்தான். சன்னலில் கெர்லிண்டே வந்து நின்றதையும் பார்த்தான். எத்தனையோ வருஷமாக எத்தனையோ பேருக்கு எடுத்துக்கொடுத்துப் பழகிய கை. அது தானாக நீண்டு ஃபோனை வாங்கியது. கன்னம் இன்னும் ஈரமாக இருந்தது. இரண்டடி பின்னால் தள்ளிப்போய், வீடு முழுசாகத் தெரிகிறதா என்று சரிபார்த்துக்கொண்டு, "சிரிங்க" என்றான்.